தடித்த கருப்பை உட்சுவரும் ஹார்மோன் மாத்திரை பயமும்

43 வயதான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூன்று வருடமாக அவருக்கு மாதவிடாய் ஒழுங்காக இல்லை. இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் வராது. வந்தால் பதினைந்து இருபது நாள் நிற்காது. கட்டி கட்டியாகப் போகும். ஹீமோகுளோபின் 8.6. உடல் எடை 86 கிலோ. ஸ்கேனில் கருப்பையின் உட்சுவர் 16 மி.மீ. தடித்திருப்பதாக வந்ததால் அங்கிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். "ஹைப்பர்பிளேசியா, ஏடிபியா இல்லை" என்று அறிக்கை வந்திருக்கிறது. அதாவது உட்சுவரின் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன, ஆனால் இயல்பு கெடவில்லை. மெட்ராக்சிபுரோஜெஸ்டிரான் 10 மி.கி. மாத்திரையைத் தினமும் ஆறு மாதம் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனை வெளியிடும் சிறிய சாதனத்தைக் கருப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

வாசகி இரண்டையும் செய்யவில்லை. இரண்டு மாதம் ஓடிவிட்டது. அவருடைய அம்மா மூட்டுவாதத்துக்குப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். முகம் ஊதி, சர்க்கரை நோய் வந்து, கடைசியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர். "புரோஜெஸ்டிரானும் ஒரு ஸ்டீராய்டுதான் என்று படித்தேன். அம்மா பட்ட பாட்டை நானும் படவா?" என்று கேட்கிறார். இதற்கு முன் ரத்தப்போக்கை நிறுத்த ஒரு ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் சாப்பிட்டு நிறுத்திய மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாகக் கொட்டியதாம். அதிலிருந்து அந்த வகை மருந்தின் மீதே நம்பிக்கை போய்விட்டது. "கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது, விட்டால் புற்றுநோய் ஆகிவிடும்" என்கிறார் அக்கா. "அந்தச் சாதனம் வைத்தால் மாதவிடாயே நின்றுவிடும், கெட்ட ரத்தமெல்லாம் உள்ளே தங்கிவிடும்" என்கிறார் தோழி. இதற்கு நடுவே, ஹார்மோனைச் சீராக்கும் என்று விற்கப்படும் ஒரு மூலிகை மாத்திரையை அவராகவே வாங்கிச் சாப்பிட்டு வருகிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா பட்ட கஷ்டத்தைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் நீங்கள். அந்தப் பயத்தை ஒரு வரியில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் உங்கள் கருப்பைக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முக்கியமானதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக உங்கள் சினைப்பை ஒழுங்காகச் சுரக்காமல் விட்ட புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் வேலையைச் செய்வதற்காகத்தான் உங்களுக்கு அந்த மாத்திரையை எழுதியிருக்கிறார்கள். உங்கள் உட்சுவர் தடித்தது அந்த ஹார்மோன் கிடைக்காததால்.

அம்மாவின் மாத்திரை வேறு, உங்கள் மாத்திரை வேறு

நீங்கள் படித்தது தவறில்லை. புரோஜெஸ்டிரான் ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன்தான். ஈஸ்ட்ரோஜனும் அப்படியே. டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால், உடலின் உப்பு அளவைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் எல்லாமே அந்தக் குடும்பம். கொலஸ்டிராலைக் கொண்டு உடல் இவற்றைச் செய்கிறது. நான்கு வளையங்கள் சேர்ந்த ஒரே அடிப்படைச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும். ஆனால் அந்தச் சட்டத்தின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன அணுக்கூட்டங்கள் மாறும்போது, எந்த ஹார்மோன் எந்த ஏற்பியில் போய்ப் பொருந்தும் என்பது மாறிவிடுகிறது. ஏற்பி என்பது செல்லுக்குள் காத்திருக்கும் ஒரு புரதம். தனக்குரிய ஹார்மோன் வந்து சேர்ந்தால்தான் அது வேலை செய்யும்.

அம்மா சாப்பிட்டது பிரட்னிசோலோன் போன்ற, கார்டிசால் வகை மருந்தாக இருந்திருக்கும். கார்டிசாலின் ஏற்பி உடலில் அநேகமாக எல்லாச் செல்களிலும் உண்டு. கல்லீரல், தசை, எலும்பு, கொழுப்பு, நோய் எதிர்ப்புச் செல்கள் என ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் மூட்டு வீக்கம் அடங்கிய அதே மருந்தால் சர்க்கரை ஏறியது, எலும்பு மெலிந்தது, முகத்தில் கொழுப்பு சேர்ந்தது. புரோஜெஸ்டிரானின் ஏற்பிகள் அப்படிப் பரவிக் கிடப்பவை அல்ல. கருப்பை, மார்பகம், சினைப்பை, மூளையின் சில பகுதிகள் என்று பெரும்பாலும் சில இடங்களில்தான் அவை மிகுதி.

ஒரு சிறு நுணுக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மெட்ராக்சிபுரோஜெஸ்டிரான் என்பது ஆய்வகத்தில் செய்யப்பட்ட, புரோஜெஸ்டிரானை ஒத்த மருந்து. அதற்குக் கார்டிசால் ஏற்பியிலும் ஓரளவு ஒட்டும் குணம் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் மிக அதிக அளவில் கொடுக்கும்போது அது வெளிப்படும். உங்களுக்கு எழுதியிருக்கும் 10 மி.கி. அளவில், ஆறு மாதத்தில், அம்மாவுக்கு வந்தது போன்ற விளைவுகள் வரும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததாலும் உங்கள் எடையாலும், தொடங்கும் முன் ஒரு முறை ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவைப்பது நல்லது. இந்த மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உங்களுக்கு அது தேவையான பரிசோதனைதான்.

உட்சுவரின் செல்களுக்குள் நடப்பது

கருப்பையின் உட்சுவரை எண்டோமெட்ரியம் என்கிறோம். அதில் இரண்டு அடுக்கு. மேலடுக்கு மாதாமாதம் வளர்ந்து உதிரும். அடியடுக்கு உதிராது, அடுத்த மாதத்துக்கான சுவர் அதிலிருந்துதான் முளைக்கும். குழாய் போன்ற சுரப்பிகளும், அவற்றைச் சுற்றி நிரம்பியிருக்கும் ஆதாரச் செல்களும், அவற்றின் ஊடே திருகித் திருகி மேலேறும் சிறு தமனிகளும் சேர்ந்ததுதான் இந்தச் சுவர். மாதவிடாய் முடிந்த கையோடு ஸ்கேன் செய்தால் 2 முதல் 4 மி.மீ. தான் இருக்கும். சினைமுட்டை வெளிவரும் சமயத்தில் 10 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். அதன்பின் 16 மி.மீ. வரை இருப்பதுகூட இயல்புக்குள் அடங்கும். ஆகவே மாதவிடாய் நிற்காத ஒரு பெண்ணுக்கு 16 என்ற எண் தனியாக எதையும் சொல்லிவிடாது. 4 மி.மீ.க்கு மேல் இருந்தாலே கவலை என்று எங்கேயாவது படித்திருந்தால், அது மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு ரத்தம் படும் பெண்களுக்கான கணக்கு. உங்கள் விஷயத்தில் பேச வேண்டியது பயாப்ஸி அறிக்கைதான்.

இவ்வளவு வேகமாக ஒரு திசு வளர்வதும், வளர்ந்தது ஒழுங்காக நிற்பதும் எப்படி? முதல் பாதி ஈஸ்ட்ரோஜனின் வேலை. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொழுப்பில் கரைபவை என்பதால் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். ஈஸ்ட்ரோஜன் தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் டி.என்.ஏ.வில் அமர்ந்து குறிப்பிட்ட மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. சுரப்பிச் செல்கள் இரண்டு நான்காகப் பெருகுகின்றன. இதில் ஆச்சரியமான ஒன்று உண்டு. பெருகச் சொல்லும் கட்டளையில் பெரும்பங்கு சுரப்பிச் செல்லுக்கு நேராகப் போவதில்லை. பக்கத்திலிருக்கும் ஆதாரச் செல்கள்தாம் ஈஸ்ட்ரோஜனை உணர்ந்து, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களைச் சுரந்து, சுரப்பிச் செல்களைப் பெருகவைக்கின்றன. எலிகளில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. இன்னொரு காரியத்தையும் ஈஸ்ட்ரோஜன் செய்துவைக்கிறது. புரோஜெஸ்டிரான் ஏற்பிகளை அந்தச் செல்களில் நிறைய உண்டாக்கிவைக்கிறது. தன்னை அடக்கப்போகிற ஹார்மோனுக்கு இடம் ஒதுக்கிவைப்பதும் அதுதான்.

சினைமுட்டை வெளியேறியதும், அது இருந்த இடம் மஞ்சள் உடலம் என்ற தற்காலிகச் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரானைச் சுரக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு சுவரின் போக்கே மாறுகிறது. புரோஜெஸ்டிரான், ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜனின் வீரியமான வடிவமான எஸ்ட்ரடையாலை, வீரியம் குறைந்த வடிவமான எஸ்ட்ரோனாக மாற்றும் நொதியைச் செல்லுக்குள்ளேயே கூட்டுகிறது. ஆதாரச் செல்கள் வளர்ச்சிக் காரணிகளை அனுப்புவதையும் நிறுத்துகிறது. மூன்று பக்கமும் கட்டுப்படுத்தியதும் சுரப்பிகள் பெருகுவதை விட்டுச் சுரக்க ஆரம்பிக்கின்றன. செல்லின் உட்கருவுக்குக் கீழே கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிறைந்த, வெற்றிடம் போன்ற புள்ளிகள் தெரியும். அதை வைத்தே இந்தப் பெண்ணுக்குச் சினைமுட்டை வெளிவந்து இத்தனை நாளாகியிருக்கும் என்று நோயியல் மருத்துவரால் சொல்ல முடியும். நோயஸ், ஹெர்டிக், ராக் ஆகிய மூவரும் 1950-இல் எழுதிய கட்டுரை இந்த நாள்கணக்கை வகுத்துக் கொடுத்தது. ஆதாரச் செல்களும் உருண்டு பருத்து, கரு வந்தால் தாங்குவதற்குத் தயாராகின்றன.

தண்ணீரும் உரமும் மட்டும் பாய்ந்துகொண்டே இருந்தால் பயிர் தழைத்துக்கொண்டே போகுமே தவிர கதிர் முற்றாது. உங்கள் உட்சுவரின் நிலை அதுதான். உங்கள் கடிதத்தில் இருக்கும் வரலாற்றைப் பார்த்தால் பல மாதங்களில் சினைமுட்டை வெளியேறவே இல்லை. வெளியேறாவிட்டால் மஞ்சள் உடலம் இல்லை, புரோஜெஸ்டிரானும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து வேலை செய்தது. சுரப்பிகள் நெருக்கியடித்து வளர்ந்தன. ஆதாரம் போதாமல் தடித்த சுவர் இன்று ஓர் இடத்தில், நாளை மறுநாள் இன்னோர் இடத்தில் என்று திட்டுத் திட்டாகப் பெயர்கிறது. இருபது நாள் ரத்தம் நிற்காததன் காரணம் இதுவே.

எடையைப் பற்றிக் கேட்க நீங்கள் தயங்கியிருக்கிறீர்கள். கொழுப்புத் திசு வெறும் சேமிப்பு அறை இல்லை. அரோமடேஸ் என்ற நொதி அதில் இருக்கிறது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியும் சினைப்பையும் அனுப்பும் ஆண்ட்ரோஜன் எனும் ஆண் வகை ஹார்மோன்களை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்புத் திசு கூடினால் இந்த மாற்றமும் கூடும். உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. எடை கொஞ்சம் குறைந்தாலே பல பெண்களுக்குச் சினைமுட்டை வெளியேறுவது திரும்பச் சீராகிறது. இந்த வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்குவதாலும் அது தவறும்; தைராய்டு குறைபாட்டாலும் தவறும். தைராய்டு பரிசோதனை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள்.

அந்த மூலிகை மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தச் சொல்வேன். மூலிகை என்பதற்காக அதை நான் குறை சொல்லவில்லை. தாவரங்களில் உள்ள சில பொருட்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் பொருந்தி அதே வேலையைச் செய்யக்கூடியவை. ஏற்கெனவே ஈஸ்ட்ரோஜன் மிஞ்சிய ஒரு சுவருக்கு, உள்ளே என்னவென்று தெரியாத ஒன்றைக் கொடுக்க வேண்டாம். புட்டியை உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நிறுத்தியதும் கொட்டியது ஏன்?

உங்கள் நம்பிக்கையைக் குலைத்த அந்த மூன்றாம் நாள் ரத்தப்போக்கு, மருந்து சரியாக வேலை செய்ததன் விளைவு. அன்றைக்கே யாராவது உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மாதவிடாயைத் தொடங்கிவைப்பது புரோஜெஸ்டிரானின் வீழ்ச்சிதான். கரு தங்காவிட்டால் மஞ்சள் உடலம் ஏறத்தாழ 14 நாளில் வாடிவிடும், ஹார்மோன் சரியும். சரிந்ததும் சுவருக்குள் புரோஸ்டாகிளாண்டின்கள் எனும் ரசாயனங்களும், திசுவைக் கரைக்கும் நொதிகளும் பெருகுகின்றன. திருகு தமனிகள் இறுகி, மேலடுக்கு ரத்தம் கிடைக்காமல் உதிர்கிறது. ஜான் மார்க்கீ என்ற ஆய்வாளர் இதை நேரடியாகவே கண்ணால் பார்த்தார். பெண் குரங்குகளின் கருப்பை உட்சுவரில் ஒரு சிறு துண்டை அவற்றின் கண்ணின் முன்னறையில் ஒட்டவைத்து, தமனிகள் இறுகுவதையும் பின் ரத்தம் கசிவதையும் கவனித்து 1940-இல் வெளியிட்டார்.

நீங்கள் பத்து நாள் சாப்பிட்டு நிறுத்தியபோதும் இதுவேதான் நடந்தது. மாத்திரை இருந்தவரை சுவர் நிலைத்து நின்றது. நின்றதும் மாதக்கணக்கில் சேர்ந்த தடிப்பு மொத்தமாக உதிர்ந்தது. சேர்ந்தது அதிகம் என்பதால் போனதும் அதிகம். முன்பு அந்தப் பத்து நாள் மருந்து அன்றைய ரத்தப்போக்குக்கான சிகிச்சை மட்டுமே. சினைமுட்டை வெளியேறாத நிலை அப்படியே தொடர்ந்ததால் சுவர் மறுபடி தடித்தது. இப்போது சொல்லியிருப்பது ஆறு மாதம் இடைவிடாமல். ஹைப்பர்பிளேசியாவுக்கு மாதத்தில் சில நாள் மட்டும் சாப்பிட்டு நிறுத்தும் முறையைவிடத் தொடர்ந்து சாப்பிடுவதே பலன் தரும். ஒரு நாள் மறந்தாலும் துளித்துளியாக ரத்தம் படலாம். பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

இது புற்றுநோயா?

இல்லை. ஏடிபியா இல்லை என்ற வரிதான் உங்கள் அறிக்கையில் எடை கூடிய வரி. சுரப்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கின்றன, ஆனால் செல்களின் உட்கரு இயல்பு கெடவில்லை என்று அர்த்தம். பிரிட்டனின் ராயல் மகப்பேறு, மகளிர் நல மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இந்த வகை புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 20 வருடத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. புரோஜெஸ்டிரான் வகை மருந்து எடுத்துக்கொண்டவர்களில் 89 முதல் 96 சதவீதம் பேருக்குச் சுவர் இயல்புக்குத் திரும்புகிறது. ஏடிபியா உள்ள வகையின் கதை வேறு. அதில் ஆபத்து பல மடங்கு. குழந்தைப்பேறு முடிந்தவருக்குக் கருப்பையை எடுப்பதே அங்கே முதல் ஆலோசனை. உங்கள் அக்கா யாரோ ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்த்துப் பேசுகிறார் என்றால், அது இந்த இரண்டாவது வகையாக இருந்திருக்கலாம்.

ஹார்மோன் சாப்பிட்டால் புற்றுநோய் என்ற பேச்சு காற்றில் பிறந்ததும் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு காலத்தில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்து வந்தார்கள். அப்படி எடுத்தவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு கூடுகிறது என்று 1975-இல் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அதற்குக் கண்டுபிடித்த தீர்வு புரோஜெஸ்டிரானைச் சேர்த்துக் கொடுப்பது. 1996-இல் வெளிவந்த பெப்பி என்ற அமெரிக்க ஆய்வில், மூன்று வருடம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களில் ஏறத்தாழ 62 சதவீதம் பேருக்கு ஹைப்பர்பிளேசியா வந்தது. புரோஜெஸ்டிரானும் சேர்த்து எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அது கூடவில்லை. நீங்கள் பயந்து ஒதுக்கும் ஹார்மோன்தான் இந்தச் சுவரைக் காக்கிறது.

மார்பகத்தைப் பற்றி வேறு மாதிரிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரானும் சேர்த்து வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஓரளவு கூடியதாக 2002-இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று காட்டியது. உங்கள் சிகிச்சை காலத்திலும் நோக்கத்திலும் வேறு. ஆனாலும் உங்களுக்கு மார்பகத்தில் கட்டி இருந்தாலோ, மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ தொடங்கும் முன் சொல்லியாக வேண்டும். ஒரே ஹார்மோன் ஒரு திசுவைக் காத்து இன்னொன்றைத் தூண்டுவது இந்தத் துறையில் புதிதல்ல. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் தமாக்சிஃபென் என்ற மருந்து, கருப்பை உட்சுவரில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்து அதைத் தடிக்கவைக்கிறது.

மாத்திரையா, சாதனமா, அறுவைச் சிகிச்சையா?

முடிவு உங்களுடையது. நான் உங்கள் மருத்துவராக இருந்தால் எதை முதலில் வைப்பேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சாதனத்தைத்தான் முதலில் வைப்பேன். 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்ட சாதனம் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் ஹார்மோனை நேராக உட்சுவருக்கே கொடுக்கிறது. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. உடம்பு முழுக்க மருந்து போவதைப் பற்றித்தான் உங்கள் பயம் என்றால், அந்தப் பயத்துக்கு மாத்திரையைவிட இதுவே நல்ல பதில். சுவர் திரும்புவதும் மாத்திரையைவிட அதிகம். தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கருத்தடையாகவும் பயன்படும். 43 வயதில், மாதவிடாய் தாறுமாறாக இருந்தாலும், எப்போதாவது ஒரு சினைமுட்டை வெளிவரும் என்பதை மறக்காதீர்கள். மாத்திரையைத் தேர்ந்தெடுத்தால் அதைக் கருத்தடையாக நம்ப வேண்டாம். சாதனத்தின் குறை, முதல் மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது துளி ரத்தம் படுவது. அந்தக் காலத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பொறுப்பது சுலபம்.

அதன்பின் மாதவிடாய் மிகக் குறையும், சிலருக்கு நின்றேவிடும். அப்போது எதுவும் உள்ளே தங்காது. மாதவிடாய் ரத்தம் எங்கேயோ சேர்ந்து வைத்திருக்கும் கழிவு அல்ல. அந்த மாதம் வளர்ந்த சுவர் உதிரும்போது வருவது. சாதனம் இருக்கும்போது சுரப்பிகள் மெலிந்து சுவரே வளர்வதில்லை. வளராதபோது உதிர எதுவுமில்லை.

மாத்திரையும் நல்ல வழிதான். வயிறு உப்புசம், மார்பில் கனம், மனச்சோர்வு, கொஞ்சம் எடை ஏறுவது ஆகியவை வரலாம். நாரெத்திஸ்டிரான் என்ற இன்னொரு மாத்திரையும் இதற்குக் கொடுப்பதுண்டு. அதிக அளவில் கொடுக்கும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும். அதனால் எடை கூடியவருக்கும், முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவருக்கும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரானை எழுதவே பல மருத்துவர்கள் விரும்புவார்கள். உங்களுக்கோ உங்கள் ரத்த உறவுகளுக்கோ அப்படி நேர்ந்திருந்தால், கல்லீரல் நோய் இருந்தால், வாய் திறந்து சொல்லுங்கள்.

கருப்பையை எடுப்பது உங்கள் நிலையில் முதல் படி அல்ல. 12 மாதச் சிகிச்சைக்குப் பின்னும் சுவர் திரும்பாவிட்டால், ஏடிபியா தோன்றினால், திரும்பித் திரும்பி வந்தால், ரத்தப்போக்கு அடங்காவிட்டால் அப்போது பேசலாம். எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகும் அதுதான் வேண்டும் என்று நீங்களே முடிவெடுத்தால் அந்த விருப்பத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் 8.6 ஹீமோகுளோபினோடு, மருந்தே முயலாமல், அக்காவின் பயத்துக்காக மேசையில் ஏறாதீர்கள். அறுவைச் சிகிச்சை என்று வந்தால் ஒரு கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்: சினைப்பைகளை என்ன செய்யப்போகிறீர்கள்? கருப்பையோடு சேர்த்து எடுத்துவிடுவது ஒரு வழக்கமாகச் சில இடங்களில் நடக்கிறது. மாதவிடாய் நிற்கும் முன் இரண்டையும் எடுத்தால் எலும்புக்கும் இதயத்துக்கும் அதன் விலை உண்டு. எலும்பு முறிந்த அம்மாவின் மகளுக்கு இது சின்ன விஷயமில்லை. உட்சுவரைச் சுட்டு அழிக்கும் சிகிச்சையையும் யாராவது சொல்லக்கூடும். ஹைப்பர்பிளேசியா உள்ளவருக்கு அது ஏற்றதல்ல. மிச்சமிருக்கும் திசு தழும்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பிறகு பயாப்ஸி எடுத்துப் பார்ப்பதும் கடினமாகிவிடும்.

தள்ளிப்போடக் கூடாதவை

ஆறு மாதம் கழித்து மறுபடி பயாப்ஸி கட்டாயம். ரத்தப்போக்கு நின்றதும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சுவர் திரும்பிவிட்டதா என்று அறிகுறியை வைத்துச் சொல்ல முடியாது. ஆறு மாத இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு பயாப்ஸி இயல்பாக வர வேண்டும். சாதனத்தை எடுக்காமலேயே திசு எடுக்கலாம். எடை கூடியவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு இருப்பதால் அதன் பிறகும் வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. முதல் பயாப்ஸியைக் கேமரா வைத்துப் பார்த்து எடுத்தார்களா, மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்களா என்று கேளுங்கள். ஸ்கேனில் பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஹிஸ்டிரோஸ்கோபி, அதாவது கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது அவசியம்.

இரும்புச்சத்து மாத்திரையை இன்றே தொடங்குங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடருங்கள், உடலின் சேமிப்பு நிரம்ப வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரமாக மணிக்கு ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று நெஞ்சு வலித்தாலும் அப்படியே.

குடும்பத்தில் யாருக்காவது 50 வயதுக்கு முன் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயோ பெருங்குடல் புற்றுநோயோ வந்திருக்கிறதா? அம்மாவிடமும் அம்மா வழி, அப்பா வழி உறவினரிடமும் கேட்டுப் பாருங்கள். இந்தப் புற்றுநோய்களுக்கு வழிவகுக்கும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைத் தன்மை சில குடும்பங்களில் ஓடுகிறது. அப்படி இருந்தால் நான் மேலே சொன்ன ஆபத்துக் கணக்குகள் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மருத்துவர் வேறு விதமாகத் திட்டமிட வேண்டியிருக்கும்.

பயாப்ஸி முடிந்து இரண்டு மாதம் போய்விட்டது. மாத்திரையைத் தொடங்க அடுத்த மாதவிடாய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கர்ப்பம் இல்லை என்று சோதித்துவிட்டு, ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே தொடங்கலாம். சாதனம் வைப்பதாக முடிவெடுத்து அதற்கு நாள் கிடைக்கத் தாமதமானால், அதுவரை மாத்திரை சாப்பிடலாமா என்று கேளுங்கள். இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அம்மாவைப் பற்றி எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள்.